2.617993878 என்பது எத்தனை π? தசம விடையைத் துல்லியமான π மடங்காக மாற்றும் வழிகள்

கால்குலேட்டர் 2.617993878 என்று காட்டுகிறது. புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை 5π/6 என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா? ஒன்று என்றால் இதிலிருந்து அதற்கு எப்படிப் போவது? டிப்ளமோ மாணவர்களுக்கும் பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்கும் கணக்குச் சொல்லித்தரும் எனக்கு ஒவ்வொரு செமஸ்டரிலும் இந்தக் கேள்வி வரும். கேட்பவர்களில் பலருக்கு ஏதோ ஒரு வழி ஏற்கெனவே தெரிந்திருக்கும். அது முக்கோணவியலில் வேலை செய்திருக்கும், தொகையீட்டில் காலை வாரியிருக்கும். "வேற கால்குலேட்டர் வாங்கிடலாமா சார்?" என்று கேட்பார்கள். வாங்குவதற்கு முன் எல்லா வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து எடை போடுவது

கையில் எத்தனை இலக்கம் இருக்கிறது? சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் திரையில் 10 இலக்கம் காட்டும். கேசியோவின் இஎஸ் வரிசை போன்றவை உள்ளுக்குள் 15 இலக்கம் வைத்துக் கணக்கிடும். ஆனால் வினாத்தாளில் வெறும் 2.62 என்று இருந்தால்? அதை π-ஆல் வகுத்தால் 0.83397 வரும். 5/6 என்பது 0.83333, ஆகவே விடை 5π/6 ஆக இருக்கலாம். ஆனால் 66π/79-ஐ இரண்டு தசம இடத்துக்குத் திருத்தினாலும் 2.62 தான். பகுதி எண் (பின்னத்தின் கீழே உள்ள எண்) சிறியது என்று வேறு வகையில் தெரிந்தால் மட்டுமே 5π/6 என்று துணிந்து எழுதலாம். பகுதிகள் 100-க்குள் இருக்கும் இரு வேறு பின்னங்களுக்கு இடையே 1/10,000-ஐ விடக் கூடுதல் இடைவெளி இருக்கும். எனவே பகுதியில் இரண்டு இலக்கம் எதிர்பார்த்தால், வகுத்து வந்த எண்ணில் ஐந்து தசம இடமாவது நம்பகமாக இருக்க வேண்டும்.

எண் எங்கிருந்து வந்தது? கோணமா, பரப்பளவா, தொகையீடா, தொடரின் கூட்டுத்தொகையா? ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான வழி வேறு.

தேர்வறையில் எது அனுமதி? சில கல்லூரிகள் குறிப்பிட்ட மாடல்களை மட்டும் விடுகின்றன. பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் (GATE) தேர்வில் உங்கள் கால்குலேட்டருக்கே இடமில்லை, திரையில் வரும் மெய்நிகர் கால்குலேட்டர்தான்.

π விடையே இல்லாதபோது அந்த வழி எச்சரிக்குமா? நான் மிகவும் எடை கொடுப்பது இதற்குத்தான். சைன் மதிப்பு 0.6 ஆக உள்ள குறுங்கோணம் 0.6435011088 ரேடியன். தலைகீழாக நின்றாலும் இதை π-யின் பின்ன மடங்காக எழுத முடியாது. கோணம் π-யின் பின்ன மடங்கு, அதன் சைனும் விகிதமுறு எண் என்றால், அந்த சைன் 0, ±1/2, ±1 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இதற்கு நிவன் தேற்றம் என்று பெயர். டேனுக்கு இன்னும் குறைவு: 0, ±1 மட்டும். 3, 4, 5 பக்கங்கள் கொண்ட நம் எல்லோருக்கும் பழக்கமான செங்கோண முக்கோணத்தின் இரண்டு குறுங்கோணங்களுமே π-யின் பின்ன மடங்கு அல்ல. இது தெரியாமல் அரை மணி நேரம் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நேரம் இல்லாதவர்களுக்கு அட்டவணை முதலில்:

| வழி | எங்கே சிறந்தது | மறைந்திருக்கும் செலவு | π விடை இல்லாவிட்டால் |
|---|---|---|---|
| π-ஐ உள்ளே விடாமல் கணக்கிடுதல் | பரப்பு, கனஅளவு, சுற்றளவு | π தானாக முளைக்கும் கணக்குகளில் உதவாது | சிக்கலே எழாது |
| விடையை π-ஆல் வகுத்தல் | ஏறக்குறைய எல்லாம் | மறுபடி தட்டச்சு செய்தால் இலக்கங்கள் போய்விடும் | பின்னம் வராது, கவனித்தால் தெரியும் |
| டிகிரியில் போட்டு 180-ஆல் வகுத்தல் | நேர்மாறு முக்கோணவியல் | மோடை மாற்ற மறந்தால் அடுத்த கணக்கும் தவறு | பாதிதான் தெரியும் |
| π-ஐ அப்படியே காட்டும் கால்குலேட்டர் | நேர்மாறு முக்கோணவியல் | பணம், அனுமதி, அளவுக்கு மீறிய நம்பிக்கை | தசமமாகவே நிற்கும் |
| கணினி மென்பொருள் | கலப்பு விடைகள், ஆய்வு | தேர்வில் இல்லை, போலிப் பொருத்தம் | எச்சரிக்காமல் ஏதோ ஒன்றைத் தரலாம் |
| தெரிவுகளைத் தசமமாக்குதல் | நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா | விரிவான விடைக்குப் பயனில்லை | பொருந்தாததே எச்சரிக்கை |

## π-ஐ உள்ளே விடாமல் கணக்கிடுதல்

ஆரம் 3.5 செ.மீ., உயரம் 12 செ.மீ. உள்ள உருளையின் கனஅளவு வேண்டும். π விசையை அழுத்திக் கணக்கிட்டால் 461.8141201. இதை மறுபடி π மடங்காக்க ஒரு பாடு பட வேண்டும். அதற்குப் பதில் 3.5² × 12 மட்டும் போடுங்கள்: 147. பக்கத்தில் π எழுதினால் 147π கன செ.மீ., வேலை முடிந்தது. ஆரம் 4.5 உள்ள கோளத்துக்கு 4/3 × 4.5³ = 121.5, ஆக 121.5π.

சூத்திரத்தில் π கண்ணுக்குத் தெரிகிற இடங்களில் எல்லாம் இதுதான் சிறந்த வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே ஊகம் எதுவும் கிடையாது, வருவது நிரூபிக்கப்பட்ட விடை.

கூட்டல் கழித்தல் வரும்போது இதன் அருமை இன்னும் தெரியும். 2 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள ஒரு செவ்வக வாசல், அதன் மேல் அரைவட்ட வளைவு. மொத்தப் பரப்பு 6 + π/2. இதை ஒரே மூச்சில் கால்குலேட்டரில் போட்டால் 7.570796327. π-ஆல் வகுத்தால் 2.409859317, அதிலிருந்து எந்தப் பின்னமும் வராது. π உள்ள பகுதியையும் இல்லாத பகுதியையும் இரண்டு தனிக் கணக்காக வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆனால் நேர்மாறு சைன், எண்வழித் தொகையீடு போன்றவற்றில் π நாம் உள்ளே விடுவதல்ல, கணக்கிலிருந்தே பிறப்பது. அங்கே அடுத்த வழிக்குத்தான் போக வேண்டும்.

## விடையை π-ஆல் வகுத்தல்

ஒரே ஒரு வழி கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளச் சொல்வேன். விடை திரையில் இருக்கும்போதே ÷ π = அழுத்துங்கள். 0.8333333333 வரும். பின்ன விசையை அழுத்தினால் 5/6. ஆகவே 5π/6. எஃப்எக்ஸ்-991 எம்எஸ் போன்ற பழைய மாடலிலும் இது நடக்கும்.

"விடை திரையில் இருக்கும்போதே" என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பலர் 2.617993878 என்பதைத் தாளில் குறித்துவைத்து, பிறகு அதைத் திரும்பத் தட்டி π-ஆல் வகுப்பார்கள். அப்போது உள்ளே கிடைப்பது 0.833333333336 போன்ற ஒன்று. திரையில் அதே 0.8333333333 தெரியும், ஆனால் பின்ன விசை பெரும்பாலும் அசையாது. கால்குலேட்டரின் நினைவில் இருந்த கடைசி இலக்கங்களை நாமே தொலைத்துவிட்டோம். முந்தைய விடையை ஆன்ஸ் விசை வழியாகவே எடுங்கள், கையால் தட்டாதீர்கள்.

தொகையீட்டிலும் இது கைகொடுக்கும். 0 முதல் π/2 வரை சைனின் நான்காம் அடுக்கைத் தொகையிட்டால் 0.5890486225. π-ஆல் வகுத்தால் 0.1875. அது 3/16. விடை 3π/16.

பின்ன விசையே இல்லாத ஃபோன் கால்குலேட்டரிலோ கேட் திரையிலோ இருந்தால் இரண்டு உபாயம். முதலாவது, வகுத்து வந்ததை 12-ஆல் பெருக்குங்கள். பாடத்தில் வரும் கோணங்களின் பகுதி பெரும்பாலும் 2, 3, 4, 6, 12 தான். 0.8333333333 × 12 = 10, ஆக 10/12. முழு எண் வராவிட்டால் 60-ஆல், அப்புறம் 360-ஆல்.

இரண்டாவது, தலைகீழ் விசை (1/x). 0.3846153846 வந்திருக்கிறது என்று வைப்போம். 12, 60, 360 எதற்கும் மசியாது. தலைகீழாக்கினால் 2.6. முழுப் பகுதி 2-ஐக் குறித்துக்கொண்டு கழித்தால் 0.6. மறுபடி தலைகீழ் 1.666…, 1-ஐக் கழித்தால் 0.666…, தலைகீழ் 1.5, 1-ஐக் கழித்தால் 0.5, தலைகீழ் 2. குறித்த எண்கள் 2, 1, 1, 2. இப்போது பின்னாலிருந்து கட்டுங்கள்: 1 + 1/2 = 3/2; 1 + 2/3 = 5/3; 2 + 3/5 = 13/5; தலைகீழாக 5/13. கணக்கில் இதைத் தொடர் பின்னம் என்பார்கள்.

இந்த உபாயத்தில் எனக்குப் பிடித்தது, அது பொய் சொல்வதில்லை. உண்மையான பின்னமாக இருந்தால் சில படிகளில் மீதி பூச்சியம் ஆகும், அல்லது பூச்சியத்தை ஒட்டிய மிகச் சிறிய எண் ஆகி, அடுத்த தலைகீழில் இலட்சம் கோடி என்று ராட்சத எண் முளைக்கும். அங்கே நிறுத்திக்கொள்ளலாம். டேன் மதிப்பு 1/2 உள்ள கோணத்தை எடுத்துப் பாருங்கள். π-ஆல் வகுத்தால் 0.1475836177. வரிசை 6, 1, 3, 2, 5 என்று போய்க்கொண்டே இருக்கும், ராட்சத எண் வராது. அங்கே π மடங்கு இல்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

கடைசி இலக்கத்தை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு இராமானுஜனே சாட்சி. 1914-இல் வெளிவந்த கட்டுரையில் அவர் π-க்கு ஒரு தோராயம் தந்தார்: 9² + 19²/22 என்பதன் நான்காம் மூலம். கால்குலேட்டரில் போட்டால் 3.141592653. π விசையை அழுத்தினால் 3.141592654. வித்தியாசம் பத்தாவது இலக்கத்தில் மட்டும். π-ஆல் வகுத்தால் 0.9999999997. "கிட்டத்தட்ட 1 தானே" என்று எழுதினால் தவறு. அவர் அதைத் தோராயம் என்று தெரிந்தேதான் எழுதினார்.

வகுத்தும் பின்னம் வராவிட்டால் உடனே கைவிட வேண்டாம், ஒரு முறை இன்னொரு π-ஆல் வகுத்துப் பாருங்கள். 1 + 1/4 + 1/9 + 1/16 + … என்ற தொடரின் கூட்டுத்தொகை 1.644934067. ஒரு முறை வகுத்தால் 0.5235987756, இரண்டாம் முறை 0.1666666667. ஆய்லர் கண்டுசொன்ன π²/6 இதுதான்.

## டிகிரியில் போட்டு 180-ஆல் வகுத்தல்

நேர்மாறு கொசைனில் −√3/2 போட்டால் டிகிரி மோடில் 150 வரும். 180 டிகிரி என்பது π ரேடியன், ஆகவே 150/180 = 5/6, விடை 5π/6. கண்ணுக்கு இதமான வழி. 22.5 என்று வந்தால் π/8 என்று மனத்திலேயே சொல்லிவிடலாம். கோணக் கணக்கு மட்டும் போடுகிற பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன்.

36.86989765 போன்ற அசிங்கமான எண் வந்தால் π மடங்கு இல்லை என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பாதி சரி. 25.71428571-உம் அசிங்கம்தான், ஆனால் அது 180/7, அதாவது π/7. வகுத்துப் பார்க்காமல் தீர்ப்பு எழுத முடியாது.

பெரிய செலவு மோடில் இருக்கிறது. கோணத்தைக் கண்டுபிடித்த கையோடு ரேடியனுக்குத் திரும்ப மறந்து தொகையீட்டுக்குப் போனால் கால்குலேட்டர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தவறான எண்ணைத் தரும். மேலே சொன்ன சைன் நான்காம் அடுக்குத் தொகையீட்டை டிகிரி மோடில் போட்டால் பூச்சியத்தை ஒட்டிய ஒரு எண் வரும். நான் மாணவனாக இருந்தபோது ஒரு முழுக் கணக்கை இப்படி இழந்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கணக்கின் தொடக்கத்திலும் திரையின் மேலே உள்ள அந்தச் சிறிய எழுத்தைப் பார்க்காமல் கையை வைப்பதில்லை.

இன்னொன்று, எந்த வழிக்கும் பொதுவானது. −1 + i என்ற கலப்பெண்ணின் வீச்சுக் கோணத்தை நேர்மாறு டேனில் கேட்டால் −45 வரும். −π/4 என்ற மாற்றம் சரி, விடை தவறு. அந்த எண் இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது, கோணம் 3π/4. மாற்றுவதில் காட்டும் கவனத்தைப் படம் வரைவதிலும் காட்டுங்கள்.

## π-ஐ அப்படியே காட்டும் கால்குலேட்டர்

கேசியோவின் எஃப்எக்ஸ்-991 இஎஸ் பிளஸ், அதற்குப் பின் வந்த கிளாஸ்விஸ் வரிசை போன்றவை பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே விடையைக் காட்டும். ரேடியன் மோடில் நேர்மாறு சைன் 1/2 கேட்டால் நேராக π/6 என்றே வரும். இலக்கம் தொலையாது, நேரம் மிச்சம்.

ஆனால் "π-ல எல்லாத்தையும் காட்டும்" என்று நம்பி வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். இஎஸ் வரிசையில் π பின்ன வடிவம் முக்கியமாக நேர்மாறு முக்கோணவியல் விடைகளுக்கும் வழக்கமாக ரேடியனில் சொல்லப்படும் மதிப்புகளுக்கும்தான். தொகையீட்டு விசை தருவது தசமம், அங்கே நீங்கள் மறுபடியும் π-ஆல் வகுக்கத்தான் வேண்டும். ஆகவே கையில் எம்எஸ் வைத்திருப்பவர் இதற்காக மட்டும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. முதல் கால்குலேட்டரே இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள், உங்கள் கல்லூரியும் அனுமதிக்கிறது என்றால் தயங்காமல் இதை வாங்குங்கள்.

## கணினி மென்பொருள்

பைத்தான் நிரல்மொழியில் பின்னங்களுக்கான தொகுப்பு இருக்கிறது. பகுதி எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு கொடுத்தால் அதற்குள் மிக நெருங்கிய பின்னத்தைத் தரும். பைத்தானின் இயற்கணிதத் தொகுப்பான சிம்பை இன்னும் ஒரு படி மேலே போய், தசமத்தையும் π-யையும் கொடுத்தால் வடிவத்தையே தேடும். உல்ஃப்ரம் ஆல்ஃபா இணையதளத்தில் தசமத்தைத் தட்டினால் சாத்தியமான வடிவங்களைப் பட்டியலிடும்.

கலப்பு விடைகளில் இவை இல்லாமல் முடியாது. ஓரலகு ஆரமுள்ள வட்டத்தில் 120 டிகிரி வட்டத்துண்டின் பரப்பு 0.6141848493. π-ஆல் வகுத்தால் 0.1955011 என்று எதற்கும் பிடிபடாத எண். உண்மையில் அது π/3 − √3/4. π, √3 இரண்டையும் கொடுத்துத் தேடச் சொன்னால் மென்பொருள் கண்டுபிடித்துவிடும். இத்தகைய தேடலில் பிஎஸ்எல்க்யூ என்ற படிமுறை பேர்பெற்றது. சைமன் ப்ளூஃப் 1995-இல் அதன் துணையோடுதான், முந்தைய இலக்கங்களைக் கணக்கிடாமலேயே π-யின் பதினாறடிமான இலக்கங்களைத் தரும் சூத்திரத்தைக் கண்டார். கண்ட பிறகு அதற்குத் தனியாக நிரூபணமும் எழுதப்பட்டது.

நிரூபணம் ஏன் தேவைப்படுகிறது? போர்வைன் தொகையீடுகளைப் பாருங்கள். தந்தை டேவிட் போர்வைனும் மகன் ஜோனதன் போர்வைனும் ஆராய்ந்தவை. சைன் x / x என்பதைப் பூச்சியத்திலிருந்து முடிவிலி வரை தொகையிட்டால் π/2. அதோடு x/3-க்கான அதே வடிவத்தைப் பெருக்கினாலும் π/2. x/5, x/7 என்று x/13 வரை பெருக்கிக்கொண்டே போனாலும் சரியாக π/2. x/15-ஐச் சேர்த்ததும் விடை π/2-ஐ விட ஏறத்தாழ 0.000000000023 குறைந்துவிடுகிறது. 1/3 முதல் 1/13 வரையான ஒற்றைப்படைப் பின்னங்களின் கூட்டுத்தொகை 1-க்குள் நிற்கிறது, 1/15 சேர்ந்ததும் 1-ஐத் தாண்டுகிறது, அதுதான் காரணம். 10 இலக்கத்தில் இரண்டுமே 1.570796327. திரையை மட்டும் நம்பினால் இரண்டுக்கும் π/2 என்றே எழுதுவோம்.

மாறிலிகளைக் கூட்டிக்கொண்டே போனால் போலிப் பொருத்தமும் கூடும். மூன்று மாறிலிகள், ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் வரை குணகம் என்று தளர்த்திவிட்டால், 10 இலக்கத்துக்குத் தற்செயலாகப் பொருந்தும் சேர்க்கை ஏதாவது கிடைத்துவிடும். ஆகவே மென்பொருள் கையில் இருக்கும்போது தசமத்தைக் கொடுத்து ஊகிக்கச் சொல்வதை விட, மூலக் கணக்கையே கொடுத்து இயற்கணித முறையில் துல்லியமாகத் தொகையிடச் சொல்வது எவ்வளவோ மேல்.

## தெரிவுகளைத் தசமமாக்குதல்

விடைகள் நான்கும் π வடிவில் கொடுக்கப்பட்டிருந்தால் உங்கள் தசமத்தை மாற்ற ஏன் மெனக்கெட வேண்டும்? நான்கையும் தசமமாக்கி எது பொருந்துகிறது என்று பாருங்கள். எதுவும் பொருந்தாவிட்டால் உங்கள் கணக்கில்தான் பிழை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

## எந்த வழிக்குப் போனாலும்: அந்த π எது?

நம் பள்ளிக் கணக்குகளில் π = 22/7 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆரம் 7, உயரம் 10 உள்ள உருளையின் கனஅளவு என்று 1540 எழுதியிருப்பார்கள். அதைக் கால்குலேட்டரின் π-ஆல் வகுத்தால் 490.197 வரும், பின்னமும் வராது ஒன்றும் வராது. 1540 × 7/22 போட்டால் 490. ஆக 490π. விடை 1538.6 என்று இருந்தால் அது 3.14-ஐ வைத்துப் போட்டது, 3.14-ஆல் வகுத்தால் அதே 490. வகுத்து வந்த எண் ஒரு நல்ல எண்ணை விடச் சுமார் 0.04 சதவீதம் கூடுதலாக இருந்தால் 22/7, சுமார் 0.05 சதவீதம் குறைவாக இருந்தால் 3.14. கணக்கைப் போட்டவர் எந்த π-யை வைத்திருந்தாரோ அதனால்தான் நாமும் வகுக்க வேண்டும்.